சட்டத்தின் புறத்தே ஒரு காதல்

ஓர் இலக்கிய வகையின் இயல்பை அறிய விரும்புவோர் அதன் தலைவன் எத்தகையவன் என்று வினவுதல் வழக்கம். அதனோடு பிறிதொன்றும் வினவத்தக்கது: அவ்வகை இலக்கியம் யாரைத் தன் எல்லைக்கு வெளியே நிறுத்தியது? அமெரிக்காவின் மேற்குப் பிரதேசத்தைக் களமாகக் கொண்டெழுந்த வீரக்கதைகளை இந்நோக்கில் ஆராயின் வியப்புக்குரிய ஓர் உண்மை புலனாகும். அக்கதைகள் கள்வனுக்கும் வழிப்பறிகாரனுக்கும் தாராளமாக இடமளித்தன. ஆயின் அக்கள்வன் யாரைக் காதலிக்கலாம் என்பதில் மிக இறுக்கமான வரம்பிட்டன. அவ்வரம்பைக் கடந்த நூல் ஒன்றினை, மெலனி கில்மன் தாமே எழுதியும் வரைந்தும் 2019 இல் வெளியிட்ட 'ஸ்ரேஜ் டிரீம்ஸ்' என்னும் சித்திர நாவலை, மதிப்பிடுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குதிரை, துப்பாக்கி, புழுதி படிந்த சிற்றூர், அதன் காவலனாகிய ஷெரிப், அவனால் தேடப்படும் கள்வன் ஆகிய இவை மேற்பிரதேசக் கதைகளின் கருப்பொருள்கள். தமிழ் வாசகருக்கு இவை புதியன அல்ல. பெல்ஜியக் கலைஞர் மொரிஸ் 1946 இல் படைத்த லக்கி லூக்கும், இத்தாலியில் 1948 இல் தோன்றிய டெக்ஸ் வில்லரும், 1963 இல் பிரெஞ்சு மொழியிற் புளூபெரி என்ற பெயருடன் தோன்றித் தமிழிற் கேப்டன் டைகராகிய வீரனும் சிவகாசியில் அச்சான முத்து, லயன் முதலிய சித்திரக்கதை ஏடுகள் வாயிலாக நம் இளைஞர் பலரின் கைகளிற் தவழ்ந்தவர்கள். ஆதலின் இவ்வகையின் சட்டதிட்டங்களை இங்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இவ்வகை நாவல்களுக்கு முன்மாதிரியாக அமைந்தது ஓவன் விஸ்டர் 1902 இல் வெளியிட்ட 'வேர்ஜீனியன்' ஆகும். கால்நடை திருடிய குற்றத்துக்காகத் தன் ஆருயிர் நண்பன் ஸ்டீவைத் தூக்கிலிடும் கூட்டத்தில் அதன் தலைவன் முன்னிற்கின்றான். பின்னர் அந்நண்பனை நினைந்து நெஞ்சம் கலங்குகின்றான். இறுதியில் மொலி வுட் என்னும் பள்ளி ஆசிரியையை மணம் புரிகின்றான். நூல் முழுவதையும் கற்றவர்க்கு ஓர் ஐயம் எழாமற் போகாது. அத்தலைவனின் உள்ளத்தைப் பெரிதும் அசைத்தது திருமணத்தில் முடிந்த காதலா, தூக்குக் கயிற்றில் முடிந்த நட்பா? விஸ்டர் இதற்கு விடை கூறாது மேற்செல்கின்றார். மேற்பிரதேசக் கதைகளில் ஆடவர் இருவரிடையே தோன்றும் ஆழ்ந்த அன்பு பெரும்பாலும் இவ்வாறே துப்பாக்கியாலோ கயிற்றாலோ முடித்துவைக்கப்படுகின்றது.

சித்திரக்கதைகளைப் பொறுத்தவரை இவ்வரம்பு எழுத்திலேயே விதிக்கப்பட்டது. சித்திரக்கதை ஏடுகள் சிறுவரைக் கெடுக்கின்றன என்னும் அச்சம் அமெரிக்காவிற் பரவிய காலத்தில், 1954 ஆம் ஆண்டு, அவற்றின் வெளியீட்டாளர்கள் தாமே கூடி ஓர் ஒழுக்கக் கோவையை வகுத்தனர். குற்றவாளிமீது இரக்கம் பிறக்குமாறு குற்றத்தைச் சித்திரித்தல் ஆகாது என்பது அதன் விதிகளுள் ஒன்று. பாலியற் பிறழ்வு எனத் தாம் கருதிய எதனையும் குறிப்பாகத்தானும் காட்டுதல் ஆகாது என்பது மற்றொன்று. ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் கொள்ளும் காதல் அன்று அச்சொல்லுள் அடக்கப்பட்டது. நாளடைவில் வலிமை குன்றினும், இறுதிவரை நின்ற வெளியீட்டாளர்கள் 2011 இல் கைவிடும் வரை அக்கோவை பெயரளவிலேனும் நிலவியது. பெண்ணைக் காதலிக்கும் கள்வி ஒருத்தியைத் தலைவியாக்கும் கதை அவ்விரு விதிகளையும் ஒருங்கே மீறுவதாகும்.

கோவையின் பிடி தளர்ந்த காலத்திலும் வாயில் எளிதிற் திறக்கவில்லை. 'றோஹைட் கிட்' என்னும் பாத்திரம் 1955 முதல் வழங்கிவந்தது; சட்டத்தால் தவறாகத் தேடப்படும் இளைஞன் அவன். மார்வெல் நிறுவனம் 2003 இல் வெளியிட்ட ஐந்து பகுதிக் கதையில் அவன் ஆடவரை விரும்புபவனாகக் காட்டப்பட்டான். ரொன் சிமர்மன் எழுத, முதுபெரும் ஓவியர் ஜோன் செவெரின் வரைந்தார். ஓவியத்திற் குறையில்லை. ஆயின் அவ்விளைஞனின் விருப்பம் உடையலங்காரம் பற்றிய கேலியாகவும் இருபொருட் பேச்சாகவுமே வெளிப்படுகின்றது. சிரிப்புக்கு இடமளித்தவர்கள் காதலுக்கு இடமளித்திலர். இதற்கு மறுதலையாக, அனி புரூ 1997 இல் எழுதி, ஆங் லீ 2005 இல் திரைப்படமாக்கிய 'புரோக்பக் மவுண்டன்', வயோமிங் மலைச்சாரலில் ஆடு மேய்க்கச் சென்ற இளைஞர் இருவரின் காதலைப் பேரவலமாக உயர்த்தியது. ஆயின் அதன் முடிவு ஒருவனுக்குச் சாவும் மற்றவனுக்குத் தனிமையும். எள்ளலும் இழவும் ஆகிய இவ்விரண்டையும் விடுத்து, இத்தகையோர் சேர்ந்து வாழக் கூடும் என்று சொல்லும் கதைக்கு அம்மேற்பிரதேசத்தில் இடமுண்டா? கில்மன் எடுத்துக்கொண்ட பிரச்சினை இதுவேயாகும்.

கதை சிறிது. உள்நாட்டுப் போர்க் காலத்து நியூ மெக்சிக்கோவிற் செல்லும் பயணிகள் குதிரைவண்டி ஒன்றை வழிப்பறிகாரி ஒருத்தி மறிக்கின்றாள். இலத்தீன் அமெரிக்க வழியினளாகிய அவள் பெயர் புளோர். அவளைப் பற்றிய கட்டுக்கதைகள் அவளுக்குச் சூட்டிய பெயர் 'பேய்ப் பருந்து'. அவ்வண்டியில் ஜோர்ஜியா மாநிலத்திலிருந்து தப்பியோடிவரும் கிறேஸ் என்னும் இளம்பெண் இருக்கின்றாள். இவள் திருநங்கை. கூட்டிணைப்புப் படையிற் போர்வீரனாக நிறுத்தப்படுவதற்கு அஞ்சி வீட்டை விட்டவள். நாடக மேடையில் நடித்தல் அவள் கனவு. அவளைப் பிடித்துவைத்து மீட்புப் பணம் பெறலாம் என்று புளோர் முதலில் எண்ணுகின்றாள். ஆயின் கூட்டிணைப்பினர் நடாத்தும் பெருவிருந்து ஒன்றினுள் நுழைந்து முக்கியமான ஆவணங்களைத் திருடுதற்குப் புளோர் வைத்திருக்கும் திட்டம் பேச்சில் வெளிப்பட, தன்னையும் அதிற் சேர்த்துக்கொள்ளுமாறு கிறேஸ் அவளை இணங்கச் செய்கின்றாள். களவு நிறைவேறும்போது காதலும் நிறைவேறுகின்றது. 'ஸ்ரேஜ்' என்னும் ஆங்கிலச் சொல் குதிரைவண்டிக்கும் நாடக மேடைக்கும் பொதுவானது. நூற்பெயரிலேயே கதையின் தொடக்கமும் தலைவியின் வேட்கையும் அடங்கியுள்ளன.

இக்களம் வெறும் திரைச்சீலை அன்று. நியூ மெக்சிக்கோ 1848 இன் குவாடலூப்பே இடால்கோ உடன்படிக்கையால் மெக்சிக்கோவிடமிருந்து ஐக்கிய அமெரிக்காவின் கைக்கு மாறிய நிலம். அடிமை முறையைக் காக்கப் பிரிந்துசென்ற தென்மாநிலங்களின் கூட்டிணைப்பு அந்நிலத்தின்மீது கண் வைத்தது. 1861 யூலையில் ரெக்சாசிலிருந்து வந்த ஜோன் பேய்லரின் படை மெசில்லாவைப் பிடித்தது. அடுத்த மாதமே அவர் அப்பிரதேசத்தின் தென்பகுதியைக் கூட்டிணைப்பின் ஆட்சிப்புலமாகப் பிரகடனம் செய்தார். 1862 பெப்ரவரியில் சிப்லியின் படை வல்வேர்டேயில் வென்றது. மார்ச் இறுதியிற் கிளோரியேற்றாக் கணவாய்ப் போரின்போது அதன் உணவும் வெடிமருந்தும் ஏற்றிய வண்டிகள் எரிக்கப்பட்டமையால் அது பின்வாங்க நேர்ந்தது. கொலராடோவின் பொன்னும் கலிபோர்ணியாவின் துறைமுகங்களும் அப்படையெடுப்பின் இலக்குகள். போர்க்களத்தில் வென்ற படையும் சில வண்டிகளை இழந்தமையால் தோற்ற அத்தகைய போரில், சில தாள்களைத் திருடுதல் சிறுபிள்ளை விளையாட்டாகாது. கில்மன் புனைந்த சூழ்ச்சிக்கு வரலாறு தரும் அடிப்படை இது.

இனி, 'சட்டத்தின் புறத்தார்' என்னும் தொடர் இந்நூலிற் பெறும் பொருளை நோக்குவோம். பழைய மேற்பிரதேசக் கதைகளில் ஒருவன் தன் செயலால் சட்டத்துக்குப் புறத்தே செல்கின்றான்; திருடுகின்றான், அல்லது கொல்கின்றான். புளோர் இவ்வகையினள். ஆயினும் அவள் மீறும் சட்டம், அவளைப் போன்ற மக்கள் வாழ்ந்த நிலத்துக்கு அண்மையில் வந்தேறிய சட்டம் என்பதை மறத்தலாகாது. கிறேஸின் நிலை முற்றிலும் வேறு. அவள் எதனையும் திருடினாளல்லள். அவள் செய்த குற்றம் பிறர் தனக்குக் குறித்த வாழ்வை வாழ மறுத்தமையே. கூட்டிணைப்பு அரசு 1862 ஏப்ரல் 16 ஆந் திகதிச் சட்டத்தால் 18 முதல் 35 வயது வரையுள்ள வெள்ளையின ஆடவரைக் கட்டாயப் படைச்சேவைக்கு உட்படுத்தியது. அச்சட்டத்தின் கண்ணிற் கிறேஸ் போருக்கு அஞ்சி ஓடிய ஆடவன். குதிரைவண்டிகள் சென்று சேரும் கலிபோர்ணியாவிலும், தன் பாலுக்குரியதல்லாத உடையிற் பொது இடத்தில் தோன்றுதலைச் சான் பிரான்சிஸ்கோ நகரம் 1863 இல் குற்றமாக்கியது. ஆகவே கள்வியாகிய புளோர் களவைக் கைவிட்டாற் சட்டத்தினுள் மீளலாம். கிறேஸ் கைவிடுதற்கு உரியது தன்னையன்றி வேறொன்றும் இல்லை. இவ்வேறுபாட்டை நீண்ட பேச்சுக்களால் விளக்காது, இருவரையும் ஒரே பாதையிற் செலுத்தி உணர்த்தியமை ஆசிரியரின் திறமை என்க.

வேடம் பற்றிய சிந்தனை இந்நூலின் உயிர்நாடி. தமிழிலே வேடம் என்றும் கோலம் என்றும் இரு சொற்கள் உள்ளன. வழக்கில் இவை கலந்து வரினும், பிறரை மயக்கப் புனைவதை வேடம் எனவும், மணக்கோலம் என்பதிற் போல ஒருவர் தம் நிலையைப் புலப்படுத்தப் புனைவதைக் கோலம் எனவும் பிரித்தறிதல் கூடும். உலகம் கிறேஸின் பெண்ணுடையை வேடம் என்று சொல்லும். கதையை உடனிருந்து கற்பவனுக்கு அது கோலம் என்பது தெளிவாகின்றது. அவள் அணிய மறுத்த போர்வீரன் உடையே அவளுக்கு வேடமாகியிருக்கும். பெருவிருந்தினுள் இருவரும் நுழையுங்கால் இவ்வேறுபாடு நன்கு விளங்குகின்றது. உயர்குடி விருந்தினர்போல் நடந்துகொள்ளுதல் பாலைவெளியிற் திரிந்த கள்விக்கு நடிப்பு. தென்மாநிலத்திற் பிறந்து வளர்ந்த கிறேஸுக்கு அக்கூட்டத்தின் நடையுடை பாவனைகள் பழக்கமானவை. மேலும் நடிகையாதல் அவள் விருப்பம். எந்தச் சமூகம் அவளைப் பொய்வேடத்தாள் என்று இகழுமோ, அச்சமூகத்தின் நடுவே அவள் தன் கலையால் வெல்கின்றாள். மற்றைய கதைகளில் முகமூடி கழன்றால் ஆள் அகப்படுவான். இங்கே தன் உண்மை நிலையைத் தோழியிடம் வெளிப்படுத்தியதன் பயனாகக் கிறேஸ் காதலைப் பெறுகின்றாள்.

இக்காதலின் தகுதியை எவ்வாறு அளப்பது? இருவரும் முதலிற் சந்திக்கும்போது ஒருத்தி பிடித்தவள், மற்றவள் பிடிபட்டவள். அத்தகைய இருவரிடையே மெய்யான காதல் தோன்றுமோ என்ற வினா நியாயமானது. துப்பாக்கி ஏந்தியவளுக்கு இணங்குவதைக் காதல் என்று கூறுதல் ஒண்ணாது. நம் அகத்திணை மரபில் ஆறலைகள்வர் பாலைக்குரியோர். உடன்போக்கிற் செல்லும் காதலர்க்கு வழியிடை இடர் விளைப்போர். தொல்காப்பியம் கூறும் களவு ஆணுக்கும் பெண்ணுக்கும் உரியதாதலின் அதனை அப்படியே இந்நூலுக்கு இலக்கணமாக்குதல் பொருந்தாது. ஆயினும் காதலின் உயர்வை அளக்க அந்நூல் கொண்ட ஒப்பு என்னும் அளவுகோல் ஈண்டும் பயன்படும். ஆண்டு, உருவு, அருள், உணர்வு முதலிய பத்திலும் காதலர் ஒத்திருத்தல் வேண்டும் என்பது மரபு. ஒரு பக்கமே நிற்பது கைக்கிளையாகத் தாழ்கின்றது. கில்மன் இவ்வுண்மையை உணர்ந்தவர் போலக் கதையை நடாத்துகின்றார். காதல் முதிர்வதற்கு முன்னரே கிறேஸ் மீட்புப் பணத்துக்குரிய கைதி என்ற நிலையிலிருந்து களவிற் பங்காளி என்ற நிலைக்கு உயர்கின்றாள். அவ்வுயர்வையும் அவள் இரந்து பெறுவதில்லை. தன் அறிவைக் காட்டி, வாதிட்டுப் பெறுகின்றாள். ஒப்பு முதலிற் பிறக்க, அன்பு அதன் வழியே வருகின்றது. இந்த ஒழுங்கு மாறியிருப்பின் நூல் முழுவதும் கெட்டிருக்கும்.

சித்திரங்களைப் பற்றியும் சில கூறுதல் வேண்டும். கில்மன் வண்ணப் பென்சிலால் வரைபவர். அமெரிக்க நூலகச் சங்கத்தின் ஸ்ரோன்வோல் விருதுக் குழுவினரால் 2018 இல் சிறப்பிக்கப்பட்ட அவரது 'அஸ் த குறோ பிளைஸ்' என்னும் நூலும் அம்முறையில் ஆக்கப்பட்டதே. நிறத்தின்மேல் நிறமாகப் பொறுமையுடன் ஏற்றும் இம்முறை தாளின் சொரசொரப்பை மறைப்பதில்லை; ஆதலின் வெயிலும் புழுதியும் நிறைந்த நியூ மெக்சிக்கோ நிலத்துக்கு அது நன்கு பொருந்துகின்றது. கேப்டன் டைகர் கதைகளுக்கு ஷான் ஜிரோ இட்ட அடர்ந்த மைக்கோடுகளோடு இதனை ஒப்பிட்டு நோக்குக. அங்கே நிலம் மனிதனை அச்சுறுத்துகின்றது. ஒவ்வொரு பாறையின் பின்னும் பகைவன் ஒருவனை எதிர்பார்க்கின்றோம். கில்மனின் நிலமோ வாசகனை அஞ்சச் செய்வதற்காக வரையப்பட்டதன்று. அடைக்கலம் தேடி வந்தவள் ஒருத்தியின் கதைக்கு இம்மென்மை தகும்.

இக்காலத்துக் கருத்துக்களை அக்காலத்தின்மேல் ஏற்றிய கற்பனையே இந்நூல் என்று சிலர் கூறலாம். அக்கூற்றை வரலாறு ஏற்பதில்லை. கலிபோர்ணியாவிற் குதிரைவண்டி ஓட்டிப் புகழ்பெற்ற சார்ளி பார்க்ஹேர்ஸ்ற் 1879 இறுதியில் இறந்த பின்னரே பெண்ணாகப் பிறந்தவர் என்பது வெளிப்பட்டது. ஏழாங் குதிரைப்படையில் ஆடை வெளுத்தும், மகப்பேற்றுக்கு உதவியும் வாழ்ந்த திருமதி நாஷ் 1878 இல் இறந்தபோது ஆணுடல் கொண்டவர் என்பது அறியப்பட்டது. அவர் கணவனாகிய படைவீரன் தோழர் செய்த ஏளனம் பொறாது தன்னையே சுட்டு மாய்ந்தான். இத்தகைய செய்திகள் பலவற்றை அக்காலப் பத்திரிகைகளிலிருந்து திரட்டிப் பீற்றர் போக் என்னும் வரலாற்றாசிரியர் 2011 இல் ஒரு நூலாக வெளியிட்டார். இவர்கள் அப்பிரதேசத்தில் வாழ்ந்தார்கள்; கதைகளே அவர்களை விலக்கிவைத்தன. திருமதி நாஷின் கணவன் மாண்ட வரலாற்றை அறிந்தவர்க்கு, கில்மன் தம் தலைவியர் இருவரையும் உயிரோடு வாழவிட்டதன் அருமை புலப்படும்.

நூலிற் குறைகளும் உள. ஏறக்குறைய நூறு பக்கத்துள் வழிப்பறி, நட்பு, விருந்து, திருட்டு, காதல் ஆகிய ஐந்தும் அடங்குதல் அரிது. ஆதலின் காதல் விரைந்து கனிகின்றது. பிரிவின் துன்பமோ ஐயத்தின் வேதனையோ அதனைப் போதிய அளவு சோதிப்பதில்லை. நம் மரபிற் கூறுவதாயின், புணர்தல் உண்டு. இருத்தலும் இரங்கலும் சுருங்கின. பகைவர் நிழலுருவங்களாக நிற்கின்றனர். அடிமை முறையைக் காக்கப் போரிட்டோர் எவ்வாறு தம்மை நல்லவர் என்று நம்பினர் என்பதையும் காட்டியிருப்பின் விருந்துக் காட்சி இன்னும் நடுக்கம் தந்திருக்கும்.

மற்றொன்று சற்று ஆழமானது. கூட்டிணைப்பின் தோல்வியை அறத்தின் வெற்றியாகக் கொள்ளுதல் நேரிதே. ஆயினும் கிளோரியேற்றாவில் வண்டிகளை எரித்த ஒன்றியப் படைப்பிரிவின் தலைவராகிய சிவிங்ரனே 1864 நவம்பர் 29 ஆந் திகதி சாண்ட் கிறீக்கிற் செயென், அரப்பாகோ மக்களைப் பெண்டிர் பிள்ளைகளென்றும் பாராது கொன்று குவித்த படைக்கும் தலைவர். அதே ஆண்டிற்றான் நவாகோ மக்கள் தம் நிலத்திலிருந்து பொஸ்க் றெடொண்டோவுக்கு நடத்திச் செல்லப்பட்டனர். கதை இந்நிகழ்ச்சிகளுக்கு முற்பட்டது. எனினும், ஒரு தீய சட்டத்தை எதிர்த்தவர் மற்றொரு தீய சட்டத்தின் கருவியாதல் கூடும் என்ற எண்ணம் கதையின் எங்கோ ஓரிடத்தில் நிழலாடியிருத்தல் வேண்டும் என்று வாசகன் எதிர்பார்ப்பதிற் தவறில்லை.

கொள்கைக்காகப் பரிந்து பேசும் நூல்கள் கலையாதல் அரிது என்பர். கொள்கையை விடுத்து நோக்கினும் பாத்திரங்கள் நம் மனத்தில் நிற்கின்றனவா என்பதே அதற்குச் சோதனை. கிறேஸ் நிற்கின்றாள். அவளுக்காக நாம் இரங்குவதிலும் பார்க்க, அவள் அடுத்து என்ன செய்வாள் என்று அறிய விரும்புகின்றோம். இரக்கத்துக்குரிய பொருளாக மட்டும் இத்தகையோரைக் காட்டிவந்த இலக்கியத்தில் இது சிறிய பேறன்று. மாணவர் 'வேர்ஜீனிய'னையும் இச்சிறு நூலையும் அடுத்தடுத்துக் கற்பாராயின் பயன் மிகும். 1902 இல் நண்பனைத் தூக்கிலிட்டுச் சட்டத்தினுள் வாழச் சென்ற தலைவனையும், 2019 இல் சட்டத்தின் புறத்தே நின்று ஒருவரையொருவர் கைவிடாத தலைவியரையும் ஒப்புநோக்குவோர், அறம் எப்பக்கத்தில் நின்றது என்பதைத் தாமே தீர்மானித்துக்கொள்வர்.